முப்பத்தேழு உபரி வசனங்கள்

தூசிப் பூதம் ஆறு கைகளையும் விரித்துக்கொண்டு பாய்ந்தது. திரையில் இருந்த அம்மா அசரவில்லை. கையில் இருந்த தரை துடைக்கும் மாப்பைச் சுழற்றி அதன் உச்சந்தலையில் ஒன்று வைத்தாள். வைத்துவிட்டு, மூச்சு வாங்கியபடி சொன்னாள்:

"இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்லாயிருக்குன்னு சொல்லியிருக்குமா அந்த வாய்?"

பூதம் ஒரு தும்மல் போட்டுப் புகையாகக் கலைந்தது. அறையில் இருந்த எட்டுப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஒன்பதாவது ஆளாக ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாடியம்மாவுக்கு மட்டும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தக் குரல் அவளுடையது. வார்த்தையும் அவளுடையதுதான். ஆனால் அது யாரும் எழுதிக் கொடுத்த வசனம் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் அக்காவிடம் போனில் பேசியது.

"எழுத்துன்னா இது எழுத்து!" என்று தொடையில் தட்டினார் இயக்குநர். "யாருய்யா, நீதானே எழுதின?"

வசனகர்த்தா ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். மற்ற ஏழு முகங்களும் அவரையே பாராட்டோடு பார்த்தன. மனுஷனுக்கு அப்படி ஒரு பார்வை வாழ்க்கையில் எத்தனை முறை கிடைக்கும்?

"ஏதோ... எழுதும்போது தானா வந்துச்சு சார்" என்றார், தரையைப் பார்த்து.

விஷயத்தைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். 'மூணாவது மாடி' என்ற கார்ட்டூன் பதினோரு வருஷமாக டி.வி.யில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓர் அடுக்குமாடிக் கட்டடம், அதில் ஓர் அப்பா, ஓர் அம்மா, இரண்டு பிள்ளைகள். வாரத்துக்கு ஒரு தகராறு. அரை மணி நேரத்தில் தகராறு தீர்ந்து எல்லாரும் சோபாவில் சரிந்து சிரிப்பார்கள். அதில் அம்மாவுக்குக் குரல் கொடுப்பதால் அவளுக்கு 'மாடியம்மா' என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. கரண்ட் பில்லைத் தவிர வேறு எங்கும் இப்போது அவளுடைய சொந்தப் பெயர் கிடையாது.

அந்தக் கார்ட்டூனை இப்போது வீடியோ கேமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். சும்மா கேம் இல்லை, அடிதடியும் சாகசமும் நிறைந்த கேம். யாரைக் கதாநாயகனாக்குவது என்பதில்தான் முதலில் சிக்கல் வந்தது. கார்ட்டூன் அப்பா பதினோரு வருஷத்தில் சோபாவை விட்டு எழுந்ததே இல்லை. அவரை ஒரு வாரம் குதிக்க வைத்துப் பார்த்தார்கள். விளையாடிப் பார்த்தவர்கள் "பாவங்க, விட்டுடுங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் கதையை மாற்றினார்கள். கட்டிலுக்கு அடியில் வருஷக்கணக்காகச் சேர்ந்த தூசி பூதமாகி, அப்பாவைச் சோபாவோடு தூக்கிக்கொண்டு ஒன்பதாவது மாடிக்குப் போய்விடுகிறது. அம்மா மாப்பும் கையுமாக மாடி மாடியாக ஏறிப் போய் அவரை மீட்க வேண்டும்.

கார்ட்டூனுக்குக் குரல் கொடுப்பது ஒரு விதம். ஐந்து பேர் ஒன்றாக நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவார்கள். கேம் அப்படி இல்லை. ஒரு பெட்டி போன்ற அறையில் தன்னந்தனியாக நின்று, பட்டியலைப் பார்த்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு: லேசாக அடிபடுதல். நானூற்றுப் பதின்மூன்று: பலமாக அடிபடுதல். நானூற்றுப் பதினான்கு: உயரத்திலிருந்து விழுதல், சின்ன உயரம். நானூற்றுப் பதினைந்து: பெரிய உயரம். இப்படி ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். மைக் காலையில் போட்டால் சாயங்காலம்தான் அணையும். நடுவில் வருவதையெல்லாம் ஒலிக்காரர் பிறகு உட்கார்ந்து துண்டு துண்டாக வெட்டி, எண் போட்டு அடுக்குவார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஓர் இடைவேளையில் எல்லாரும் வெளியே போய்விட்டார்கள். மாடியம்மா மைக்குக்கு முன்னாலேயே நின்று அக்காவுக்குப் போன் போட்டாள். அவளுக்கு மனசு ஆறவில்லை. பதினோரு வருஷக் குரலுக்காக அவளுக்கு ஒரு கேடயம் கொடுத்திருந்தார்கள். முந்தின நாள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மேஜை நடுவில் வைத்தாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்தவர் கேடயத்தைப் பார்த்தார், "ம்" என்றார், அதை ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு அந்த இடத்தில் தன் ஸ்பானர் பெட்டியை வைத்தார். டி.வி.யில் 'மூணாவது மாடி' ஓட ஆரம்பித்ததும் வழக்கம்போல எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். ஒன்பது வருஷமாக அப்படித்தான். அவள் குரல் வந்தால் அவர் அந்த அறையில் இருக்க மாட்டார்.

"அந்த மனுஷனோட வாழறதுக்கு ஒரு சுவத்தோட வாழலாம்க்கா" என்று ஆரம்பித்தவள் இருபது நிமிஷம் நிறுத்தவில்லை. அக்காவின் வீட்டில் மேல் அறை காலியாகத்தான் கிடந்தது. "பேசாம வந்துடு" என்றாள் அக்கா. "அடுத்த மாசம் கிளம்பி வந்துடறேன்" என்று இவளும் சொல்லிவிட்டாள். பாதி கோபத்தில், பாதி நிஜமாகவே.

அதைத்தான் இப்போது திரையில் இருந்த அம்மா, நாலாவது மாடிக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு சொன்னாள்: "அடுத்த மாசம் கிளம்பிடறேன். இனிமே இங்க எனக்கு என்ன இருக்கு?"

எட்டுப் பேரும் கைதட்டினார்கள்.

கணவரை விட்டுப் போவதா வேண்டாமா என்று மாடியம்மாவே இன்னும் முடிவு செய்யவில்லை. போவதானால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வேண்டாம் என்றால் அது அவருக்குத் தெரியவே கூடாது. இரண்டும் இல்லாமல், ஊரெல்லாம் சிரிக்கிற ஒரு விளையாட்டிலிருந்து அந்த மனுஷன் தெரிந்துகொண்டால், அதற்கப்புறம் ஒரே வீட்டில் எந்த முகத்தோடு இருப்பது?

நேராக ஒலிக்காரரின் அறைக்குப் போனாள்.

"அதென்னங்க அது? நான் போன்ல பேசினதெல்லாம் உள்ள கேக்குது!"

ஒலிக்காரர் ஹெட்போனைக் கழற்றினார். கழற்றிய வேகத்தில் முகம் வெளுத்தது. "போனா? அய்யய்யோ. நீங்க சொந்தமா சேத்து விட்டீங்கன்னு நெனச்சேம்மா. பட்டியல்ல ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு. வெட்டி எண்ணினா முப்பத்தேழு உபரி. எல்லாம் அவ்வளவு உயிரா இருந்துச்சு. சரி, எங்கெங்க பொருந்துதோ அங்கங்க வச்சுட்டேன்."

"எடுத்துடுங்க."

"டைரக்டர் கிட்ட ஒரு வார்த்தை..."

"அவர்கிட்ட சொன்னா என் வீட்டுக் கதை எட்டுப் பேருக்கும் தெரியும். உங்களுக்கும் நல்லதில்ல. அடுத்தவங்க போன் பேச்ச வெட்டி ஒட்டினதுக்கு என்ன சொல்வாங்க?"

ஒலிக்காரருக்கு அந்தக் கடைசி வாக்கியம் நன்றாகவே புரிந்தது. அன்று சாயங்காலமே முப்பத்தேழையும் ஓசைப்படாமல் அழித்துவிட்டார்.

அழித்தது அழித்தார், எண்களைச் சரி செய்ய மறந்துவிட்டார். ஒரு துண்டு காணாமல் போனால் அதற்கு அடுத்த துண்டு அந்த இடத்துக்கு நகர்ந்து வந்து உட்காரும்படி ஏற்பாடு. முப்பத்தேழு துண்டுகள் காணாமல் போனால் என்ன ஆகும் என்பதை மறுநாள் காலை எல்லாரும் பார்த்தார்கள். அதுவும் கார்ட்டூனின் சொந்தக்காரக் கம்பெனியிலிருந்து மேலாளர் அம்மா நேரில் வந்து உட்கார்ந்திருந்தபோது.

பூதம் பாய்ந்தது. திரை அம்மா மாப்பை ஓங்கினாள். "கண்ணா, பல்லு தேச்சியா?" என்று கொஞ்சினாள்.

ஆறாவது மாடியில் பூதம் அடைத்துவைத்த கூண்டுக்குள் அழுதுகொண்டிருந்த சின்ன மகனைக் கண்டுபிடித்தாள். ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள். "தொலஞ்சு போ! இனிமே என் கண்ணுலயே முழிக்காதே!" என்றாள்.

மாடிப்படி இடிந்து ஐம்பது அடி ஆழத்தில் தலைகீழாக விழுந்தாள். விழுந்துகொண்டே, "யாரு, பேப்பர்காரரா? நாளைக்கு வாங்க" என்றாள்.

மேலாளர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இந்த அம்மாவுக்கு மனநிலை சரியில்லாத மாதிரி கதையா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

இயக்குநர் அலறி அடித்துக்கொண்டு பேக்கப்பைத் தேட வைத்தார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் பழைய இடத்துக்கு வந்தது. மேலாளர் அம்மா மறுபடி பார்த்தார். இந்த முறை இரண்டாவது மாடியிலேயே சிரிக்க ஆரம்பித்தவர், ஐந்தாவது மாடியில் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். "எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்கார்" என்று மட்டும் சொன்னார். போகும்போது வசனகர்த்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

இயக்குநர் திரும்பி வந்து உத்தரவு போட்டார். "அந்த முப்பத்தேழு வசனமும் தனிப் பூட்டுல இருக்கணும். என்னைக் கேக்காம ஒருத்தரும் தொடக் கூடாது. டி.வி. விளம்பரத்துல அதுலேருந்துதான் மூணு வரி. அந்த 'அடுத்த மாசம் கிளம்பிடறேன்' கண்டிப்பா வேணும்."

நேற்றுவரை எட்டுப் பேர் கேட்ட வசனம் இனி ஊரே கேட்கப் போகிறது. ஒலிக்காரர் மாடியம்மாவைப் பார்த்துக் கையை விரித்தார்.

வேறு வழி யோசித்தாள் மாடியம்மா. மறுநாள் இயக்குநரிடம் போனாள். "சார், அன்னிக்கு எனக்குக் குரல் கொஞ்சம் கம்மியிருந்துச்சு. அந்த வரியெல்லாம் இன்னொரு தடவை சொல்லித் தரேன். வார்த்தையும் லேசா மாத்திக்கலாம், இன்னும் நல்லா வரும்."

பதினோரு வருஷ அனுபவசாலி கேட்கும்போது இயக்குநர் மறுக்கவில்லை. மாடியம்மா மைக் முன்னால் நின்றாள். இருபத்திரண்டு வருஷம் என்பதை முப்பது வருஷமாக்கினாள். அடுத்த மாசம் என்பதை ஒரு நாள் என்று மாற்றினாள். தொண்டையைச் செருமி, ஏற்ற இறக்கத்தோடு, தன் முழுத் திறமையையும் காட்டிச் சொன்னாள்.

இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார். திறந்து, தலையை ஆட்டினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. இது நடிப்பு மாதிரி இருக்கு."

"நடிப்புதானே சார் நம்ம தொழில்?"

"அன்னிக்கு நீங்க நடிக்கவே இல்லையே. ஒரு வலி இருந்துச்சு. யார்கிட்டயோ நிஜமா பேசற மாதிரி. அது எங்க போச்சு?"

மாடியம்மா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். பதினோரு வருஷம் உயிரைக் கொடுத்து நடித்ததற்கு ஒரு கேடயம். நடிக்காமல் பேசிய இருபது நிமிஷத்துக்கு இத்தனை கைதட்டல். அதில் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பழசே இருக்கட்டும்" என்றார் இயக்குநர். "அதோட, ஒன்பதாவது மாடிக்கும் அதே மாதிரி இருபது வரி வேணும். அம்மா கதவத் திறக்கறா, அப்பா சோபாவுல உக்காந்திருக்கார். அவர்கிட்ட நேரா பேசற காட்சி. நம்மாளு எழுதிடுவாரு."

நம்மாள் மூன்று நாள் கழித்து ஒரு மத்தியானம் மாடியம்மாவைப் படிக்கட்டில் வழிமறித்தார். முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

"அம்மா, உங்களுக்குத் தெரியும், அதெல்லாம் நான் எழுதினதில்லன்னு."

"எனக்கு எப்படித் தெரியாம போகும்?"

"மூணு நாளா உக்காந்திருக்கேன். ஒரு வரி வரல. எழுதினா கார்ட்டூன் மாதிரியே வருது."

"அப்போ உண்மையச் சொல்லிடுங்க."

"எப்படிம்மா சொல்றது? எங்க மாமனார் இருக்காரே, பதினாலு வருஷமா 'மாப்பிள்ளை என்ன வேலை பாக்கறார்'னு யாராவது கேட்டா பேச்ச மாத்திடுவாரு. இப்போ அவரே போன் பண்ணி, 'நீங்க எழுதறவராமே'ன்னு கேக்கறாரு. இந்த நேரத்துல போய்..." குரல் உடைந்தது. "நீங்கதான் ஒரு இருபது வரி சொல்லிக் காப்பாத்தணும்."

மாடியம்மாவுக்கு ஒருபக்கம் சிரிப்பாகவும் வந்தது. தன் புருஷனைப் பற்றிப் புகார் சொல்லச் சொல்லி ஒரு மனுஷன் வந்து கெஞ்சுகிறான். அவள் ஒரு நிபந்தனை போட்டாள்: டி.வி. விளம்பரத்திலிருந்து அந்தக் கிளம்புகிற வரி போய்விட வேண்டும். கேமை அவர் விளையாடப் போவதில்லை, டி.வி.தான் வீட்டுக்குள் வந்து பேசும். வசனகர்த்தா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

அன்று சாயங்காலம் ஒரு நோட்டும் பேனாவுமாக வீட்டில் உட்கார்ந்தாள். இருபது குறை என்ன, இருநூறே எழுதலாம் என்றுதான் நினைத்தாள். முதல் ஆறு மளமளவென்று வந்தன. ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது. பற்பசையை நடுவில் அழுத்துவது. கேட்டதற்கெல்லாம் 'ம்'. கேட்காததற்கும் 'ம்'. கேடயம். பால்கனி.

ஆறரை மணிக்கு அவர் வந்தார். முழங்கை வரை கிரீஸ். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிக்கொண்டார். மாடியம்மா தட்டில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

இரண்டு தட்டு என்றால் சாப்பாடு. மூன்று என்றால் வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள். வீட்டில் அவள் தொண்டையைச் செலவழிப்பதில்லை. கார்ட்டூனுக்கு வந்த இரண்டாவது வருஷம் குரல்நாண் வீங்கிவிட்டது. இரண்டு வாரம் வாய்க்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார் டாக்டர். தொழில் மேல் இருந்த பக்தியில் மாடியம்மா அதை ஒன்பது வருஷமாகக் கடைப்பிடித்துவந்தாள். அவசியமானால் சைகை, அதுவும் போதாவிட்டால் ஃப்ரிட்ஜ் மேல் ஒரு சீட்டு. கடையில்கூட ரகசியம் பேசுவது போலத்தான் பேசுவாள். குரலை வைத்துப் பிழைப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு தெரியும் என்பது அவள் பெருமை.

அவர் வந்து உட்கார்ந்தார். சாப்பிட ஆரம்பித்தார். அவள் எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்தாள்.

"ம்?" என்றார்.

ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள்.

ஏழாவது குறைக்காகக் காத்திருந்தாள். அவர் சாப்பிட்டு முடித்தார். நாற்காலியைத் தரையில் இழுக்காமல், தூக்கிப் பின்னால் வைத்துவிட்டு எழுந்தார். போன் அடித்தது. வெளியே எடுத்துக்கொண்டு போய்ப் பேசினார். குளியலறைத் தாழ்ப்பாளை ஒரு விரலால் பிடித்து, சத்தமே வராமல் போட்டார். 'வீட்டில் ஒரு மனுஷன் இருக்கிற சத்தமே கேட்காது' என்று ஏழாவதாக எழுதினாள். எழுதியதைத் திரும்பப் படித்தாள். இது குறைதானா என்று சந்தேகம் வந்தது. அடிக்காமல் அப்படியே விட்டாள்.

மறுநாளும் பார்த்தாள். அதற்கு மறுநாளும். வாசலில் செருப்பைக் கழற்றியவர் குனிந்து ஜோடியாகச் சேர்த்து வைத்தார். பக்கத்தில் கோணல்மாணலாகக் கிடந்த அவளுடையதையும் சேர்த்து வைத்தார். யாரும் பார்க்கிறார்கள் என்று செய்யவில்லை. கை பாட்டுக்குச் செய்தது. எத்தனை வருஷமாகச் செய்கிறாரோ? காலையில் செருப்பு நேராக இருக்கும், அவள் காலை நுழைத்துக்கொண்டு போய்விடுவாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

ஒருத்தரைக் குறை சொல்வதற்குக்கூட இவ்வளவு நேரம் அவரை உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்று அன்று அவளுக்குத் தோன்றியது. கடைசியாக எப்போது இப்படிப் பார்த்தோம்? அவர் காதோரம் முடி இவ்வளவு நரைத்துப்போனது அவளுக்குத் தெரியவே தெரியாது. அதற்காகக் கோபம் முழுக்கப் போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. ஒரு வார்த்தை பேசினால் என்ன குறைந்துவிடும் இந்த மனுஷனுக்கு?

இப்படி ஐந்தாறு நாள் பார்த்து, இருபது கேட்ட இடத்தில் பதினொன்றைத்தான் வசனகர்த்தாவிடம் கொடுத்தாள். அவர் படித்துக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றார்.

"'என் செருப்பையும் சேர்த்து வைக்கிறாரு'. இது குறையாம்மா?"

"தெரியலீங்க. இருக்கட்டும்."

ஒன்பதாவது மாடிக் காட்சியை அன்றே பதிவு செய்தார்கள். திரையில் சோபாவில் உட்கார்ந்திருக்கும் பொம்மை அப்பாவைப் பார்த்து மாடியம்மா பதினொரு வரியையும் சொன்னாள். ஏழாவதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. அதை அவள் திட்டமிடவில்லை. இயக்குநர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றுவிட்டார். "உன் எழுத்து நாளுக்கு நாள் மெருகேறுதுய்யா" என்று வசனகர்த்தாவின் முதுகில் தட்டினார். வசனகர்த்தா அந்தத் தட்டலை, அடி வாங்குகிறவர் மாதிரி வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் மாடியம்மா கேட்டாள். "விளம்பரம்?"

"சொன்ன சொல்லக் காப்பாத்திட்டேம்மா. அந்த வரி விளம்பரத்துல இல்ல."

மாடியம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இரண்டு படி இறங்கினாள்.

"இனிமே அது ஷாப்பிங் மாலுல மட்டும்தான்" என்றார் வசனகர்த்தா.

"எந்த மாலு?"

"ஜனங்க விளையாடிப் பாக்கறதுக்கு ஒரு மாதிரி கேம் வச்சிருக்கோம்ல. பேக்கப் கிடைச்ச அன்னிக்கே அனுப்பியாச்சு. முப்பத்தேழு வசனமும் அதுல இருக்கு. பத்து நாளாச்சு. அந்த ஆறு மாடி மாலு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல. கீழ்த்தளத்துலயே, லிஃப்டுக்குப் பக்கத்துல."

மாடியம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஊரில் எத்தனையோ லிஃப்ட் இருக்கிறது. அந்த மாலின் நாலு லிஃப்டும் ஏழு வருஷமாக அவள் கணவர் கையில்தான் இருந்தன.

பத்து நாள். பத்து நாளாக அவர் அதைக் கேட்டிருந்தால்? சுவர் என்று சொன்னதை? அடுத்த மாசம் கிளம்புவதை? இந்தப் பத்து நாளும் அவர் எதிரேதானே உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லையே. அவர்தான் எதையும் காட்டிக்கொள்ளாதவர் ஆயிற்றே. ஒருவேளை அவரும் உள்ளுக்குள் ஏதாவது முடிவு எடுத்து வைத்திருப்பாரோ? போவதா வேண்டாமா என்று இத்தனை நாள் யோசித்தவளுக்கு, தான் போக விரும்பவில்லை என்பது பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது சந்தேகமில்லாமல் தெரிந்தது.

மாலின் கீழ்த்தளத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு தூசிப் பூதம் பஞ்சில் செய்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் பெரிய திரை. யாரோ ஒரு கல்லூரிப் பையன் கண்ட்ரோலரைப் பிடித்துத் தாறுமாறாக அமுக்கிக்கொண்டிருந்தான். சுற்றிலும் கூட்டம். அவளுடைய குரல், அவளுடைய கோபம், கூரை வரை எதிரொலித்தது. "அடுத்த மாசம் கிளம்பிடறேன்!" கூட்டம் சிரித்தது. மாடியம்மா தலையைக் குனிந்துகொண்டு அந்தச் சிரிப்பின் நடுவில் நடந்து போனாள்.

அதைக் கவனித்துக்கொள்ள ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். தலையில் மாப்பின் நூல்களைக் கிரீடம் மாதிரி வைத்துக் கட்டியிருந்தார்கள். பாவம், அது அடிக்கடி கண்ணில் விழுந்தது. மாடியம்மா அவள் காதருகே போய், வழக்கம்போல ரகசியக் குரலில் கேட்டாள்.

"இந்தச் சத்தத்தக் கொஞ்சம் அணைக்க முடியுமாம்மா?"

"சத்தம்தாங்க இதுல விஷயமே. அந்த அம்மா பேசறதக் கேக்கத்தான் கூட்டமே வருது."

"அப்படியா?" மாடியம்மா லிஃப்ட் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். கேட்டுவிடுவது நல்லது. "இங்க லிஃப்ட் வேலை பாக்கறவர் ஒருத்தர்... கொஞ்சம் ஒல்லியா, காதோரம் நரைச்சு... அவர் இந்தப் பக்கம் வந்தாரா? இதக் கேட்டாரா?"

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "அவரா! தெனமும் வர்றாருங்க. மத்தியானம் டிபன் பாக்ஸைக்கூடத் திறக்காம இங்க வந்து உக்காந்துடுவாரு."

"என்ன... என்ன செய்வாரு?"

"அதையேன் கேக்கறீங்க, ஒரு பூதத்தக்கூட அடிக்க மாட்டாரு. சும்மா நின்னு அடி வாங்கிட்டே இருப்பாரு. அடி வாங்கினாத்தானே அந்த அம்மா திட்டும்? எனக்கே பாவமா போய், 'சார், இந்தப் பட்டனை அமுக்குங்க, ஜெயிச்சிடலாம்'னு மொத நாள் சொல்லிக் கொடுத்தேன்."

"அதுக்கு?"

"'ஜெயிக்க வரலம்மா. ஒன்பது வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை பேசாத என் சம்சாரம், இங்கதான் பேசறா'ன்னாருங்க."